உங்கள் 5 வருட கரையான் வாரண்டி பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கும்பகோணம்
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், திருச்சி
பொருள்: 14.06.2022 அன்று எங்கள் வீட்டில் அடித்த கரையான் மருந்தும் அதற்கான வாரண்டியும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. ஒன்பது முறை போன் செய்தேன், மூன்று புகார் எண்கள் வாங்கினேன், திருச்சிக்கே ஒருமுறை நேரில் வந்தேன். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் யாராவது கையெழுத்துப் போட்டாவது வாங்குவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பில் உங்களிடமே இருக்கும். 1,250 சதுர அடி, அடிக்கு 10 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 14,750 ரூபாய். வாரண்டி 2027 ஜூன் வரை. அன்றைக்கு வந்த உங்கள் ஆள், "அஞ்சு வருஷத்துக்கு நிம்மதியா தூங்குங்கம்மா" என்று சொல்லித்தான் பணத்தை வாங்கினார்.

போன மாதம் பூஜை அறையைத் துடைக்கும்போது நிலையின் அடிப்பக்கத்தில் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். அப்பளம் நொறுங்குவது போல உள்ளே போய்விட்டது. பெயின்ட் மட்டும்தான் மிச்சம், உள்ளே மரமே இல்லை. ஈரமண்ணும், அதில் நெளியும் வெள்ளைப் பூச்சிகளும்தான் இருந்தன. என் மாமியார் முப்பது வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த தேக்கு நிலை அது. அதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்? என் வீடே போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது: "உங்க வீட்டுக் கரையானுக்கு நாங்க காவல் உக்கார முடியுமா? கார்டுக்குப் பின்னாடி படிச்சீங்களா?" எனக்கு 61 வயது ஐயா. என் மகன் வயதுகூட இருக்காது அந்தப் பிள்ளைக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே போனையும் வைத்துவிட்டார். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

சரி, வாரண்டி கார்டின் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். வருடம் ஒருமுறை ஆய்வு செய்யப்பட வேண்டும், தவறினால் வாரண்டி செல்லாது என்று இருக்கிறது. யாரால் செய்யப்பட வேண்டும்? நான் கூப்பிட வேண்டுமா, நீங்கள் வர வேண்டுமா? அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 2023இல் ஒரு பையன் வந்தார். டார்ச் அடித்து ஐந்து நிமிடம் பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் கூப்பிட்டு அவர் வரவில்லை, நீங்களாகத்தான் அனுப்பினீர்கள். அப்படியென்றால் 2024இல் ஏன் அனுப்பவில்லை? நீங்கள் வராத ஆய்வுக்கு என் வாரண்டி எப்படிச் செத்துப்போகும்?

அப்புறம் இன்னொருவர் புதுக் கதை சொன்னார். இது மண்ணிலிருந்து வரும் கரையான் இல்லையாம், காய்ந்த மரத்தில் இருக்கும் வேறு வகையாம், அது வாரண்டியில் வராதாம். வீட்டைப் பார்க்காமல் போனிலேயே சொல்கிறார். தரையிலிருந்து நிலைவரை மண்பாதை பென்சில் கனத்துக்கு ஏறியிருக்கிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன். காய்ந்த மரக் கரையான் மண்பாதை கட்டாது, ரவை மாதிரி உருண்டை எச்சம்தான் கொட்டும் என்பது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கரையான் தடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313இல் பழைய கட்டடங்களுக்கான மூன்றாம் பகுதியை மகன் எடுத்துப் படித்தான். சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை, அதாவது ஒரு அடிக்கு ஒன்று. மண் குடிக்கும்வரை மருந்து விட வேண்டும், துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர். தையல் டேப்பை வைத்து நானே அளந்தேன். பூஜை அறையில் துளைக்குத் துளை இரண்டு அடி. வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்த புள்ளிகள் இன்னும் அப்படியே தெரிகின்றன. நிலையை ஒட்டி ஒரு துளைகூட இல்லை. நிலைக்கட்டையும் சுவரும் சேரும் இடத்திலும் சாய்வாகத் துளை போட்டு மருந்து விட வேண்டுமாமே? அதுவும் இல்லை. வீடு முழுவதற்கும் உங்கள் ஆட்கள் கலக்கியது ஒரே ஒரு 20 லிட்டர் கேன். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

திருச்சிக்கு வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரிஜினல் கார்டோடு நேரில் வரச் சொன்னதால், காலை ஆறு மணி பஸ்ஸில் முட்டிவலியோடு வந்தேன். மேலாளர் வெளியே போயிருக்கிறார் என்று இரண்டு மணிவரை உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு பெண் கார்டைப் பார்த்துவிட்டு, "இத வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கலாமே" என்றார். அந்த ஒரு நாளை எனக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

உங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை ஐயா. தயவுசெய்து ஒரு பொறுப்பான ஆளை அனுப்புங்கள். விடுபட்ட இடங்களில் ஒரு அடிக்கு ஒரு துளை போட்டு, பணம் வாங்காமல் மறுபடி மருந்து விடுங்கள். எத்தனை லிட்டர் விட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாரண்டி மறுபடி மருந்து அடிப்பதற்கு மட்டும்தான், மரத்துக்கு இல்லை என்கிறீர்கள். வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தப் பேச்சு சரி. அரைகுறையாகச் செய்துவிட்டுச் சொன்னால் ஏற்க மாட்டேன். நிலைக்குத் தச்சர் சொன்ன 38,000 ரூபாயையும் நீங்கள்தான் தர வேண்டும்.

பதினைந்து நாள் பார்ப்பேன். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவேன், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணம்கூடக் கிடையாது. அந்த அளவுக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை.

நிலையை இன்னும் கழற்றவில்லை. உங்கள் ஆள் கண்ணால் பார்க்கட்டும் என்று தச்சரை நிறுத்தி வைத்திருக்கிறேன். வருவதற்கு முதல் நாள் போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், வாரண்டி கார்டு இரண்டு பக்கமும், போட்டோக்கள் 6, தச்சரின் மதிப்பீடு