எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: ஒயர் விஷயமாக

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் ஓர் அம்மா, வெட்டுப்பட்ட செல்போன் சார்ஜரோடு என் அறைக்கு வந்தார். "சயின்ஸ் சார் ஒயர் கேட்டாராம், பையன் வெட்டிட்டான்" என்றார். பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எந்த ஒயர் என்று நாங்கள் தெளிவாகச் சொல்லி அனுப்பவில்லை. தவறு எங்களுடையது.

பிள்ளைகள் பிரெட்போர்டு என்ற வெள்ளைப் பலகையில் சின்னச் சின்ன சர்க்யூட் செய்கிறார்கள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் வேலை இதில் இல்லை. பலகையில் 2.54 மி.மீ. இடைவெளியில் துளைகள்; ஐந்தைந்து துளைகளை அடியில் ஓர் உலோகக் கவ்வி இணைக்கிறது. ஒரு கவ்வியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சிறு கம்பிதான் ஜம்பர் ஒயர்.

சார்ஜர் ஒயர் இதற்கு ஆகாது. உள்ளே முடி மாதிரிப் பல இழைகள். துளைக்குள் போகாமல் மடங்கிக்கொள்ளும். ஓர் இழை பிரிந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் ஷார்ட். வேண்டியது ஒற்றைக் கம்பி. காசு கொடுத்து வாங்க வேண்டாம். உங்களில் எலக்ட்ரீஷியன்களும் இன்டர்நெட் கேபிள் இழுப்பவர்களும் இருக்கிறீர்கள். சுவருக்குள் ஓட்டும் லேன் கேபிளில் மிஞ்சும் துண்டு போதும். ஒரு சாண் துண்டைப் பிரித்தால் அரை மி.மீ. கனத்தில் எட்டுக் கம்பிகள்! கம்ப்யூட்டரில் செருகும் ரெடிமேட் லேன் ஒயர் பெரும்பாலும் பல இழைதான், அது வேண்டாம். செம்புப் பூச்சுக்குள் அலுமினியம் இருக்கும் மலிவு ரகமும் வேண்டாம், நாலு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். நுனியில் ஒரு நெல் நீளத்துக்கு மேல்தோலை உரித்தால் சரி.

நான் வரலாற்று வாத்தியார். இருந்தாலும் ஒருநாள் மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து, எரியாத ஓர் எல்.இ.டி. குட்டி பல்போடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். பேட்டரி, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், பல்பு எல்லாம் நன்றாகவே இருந்தன. கடையில் வாங்கிய ஒரு ஜம்பர் ஒயர் மட்டும், வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே அறுந்திருந்தது. மல்டிமீட்டர் என்ற சோதனைக் கருவியை, கம்பி அறுபடாமல் இருந்தால் பீப் சத்தம் வரும்படி வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு அதைக் கண்டுபிடித்தது, தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி. குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைக்கு அறுந்த இழை தேட யார் சொல்லித்தர வேண்டும்?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் கம்பி வீட்டு பிளக் துளைக்குள்ளும் நுழையும். அங்கே இருப்பது 230 வோல்ட், உயிரை எடுத்துவிடும். பள்ளியில் 9 வோல்ட் பேட்டரிக்கு மேல் நாங்கள் தொடுவதில்லை. வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டால் பேட்டரி மட்டுமே. தம்பி தங்கைகள் கைக்கு எட்டாத இடத்தில் கம்பிகளை வையுங்கள்.

கேபிள் துண்டுகளை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்து அனுப்புங்கள். வெட்டுகிற பிளேடு, கட்டிங் பிளேயர் எல்லாம் பள்ளியிலேயே இருக்கின்றன, பையில் போட்டுவிட வேண்டாம். அப்புறம், அந்த அம்மாவுக்குப் புது சார்ஜர் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்