கத்தரியை எடுக்குமுன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. லெக் கார்டு, இரண்டு ஃபாக் லேம்ப், கைபேசி சார்ஜர் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி நீ எடுத்தனுப்பிய படத்தைப் பார்த்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீயே உன் மோட்டார் சைக்கிளில் மாட்டப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். தாராளமாகச் செய். ஆனால் வண்டியோடு வந்த வயர் ஒன்றைக்கூட அறுக்காதே. பிறகு வண்டியில் ஏதேனும் கோளாறு வந்தால், அறுத்த வயரைக் காட்டியே வாரண்டி கிடையாது என்று சொல்லிவிடுவார்கள்.

லெக் கார்டு பெரிய வேலையில்லை. எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றிவிட்டு, கம்பி நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனரைப் போடு. ஒரு பக்கத்தை முழுவதும் முறுக்கிவிட்டால் மறுபக்கத்து ஓட்டை ஒருபோதும் சேராது.

விளக்குகளில்தான் நிதானம் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்று. வேலை முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டு. உன் விளக்குகள் ஒவ்வொன்றும் 20 வாட் என்றால் இரண்டுக்கும் 40 வாட்; 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3.3 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையைக் கைப்பிடியில் மாட்டும் சின்ன சுவிட்ச்சின் தலையில் ஏற்றாமல் ரிலேவிடம் விட்டுவிடு; ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்சுவிட்ச். ரிலேவின் அடியில் எண்கள் பொறித்திருக்கும்: 30-க்கு பேட்டரியின் பாசிட்டிவ், 87-லிருந்து விளக்குகளுக்கு, 85 எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பக்கம்), 86-க்கு சுவிட்ச்சிலிருந்து வரும் வயர். ரிலேவுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கால் ஆம்பியர்கூட இழுக்காது என்பதால் சுவிட்ச் சூடாகாது. அந்தச் சுவிட்ச்சுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டுமே உயிர் பெறும் இடத்திலிருந்து எடு. வயரை அறுக்காமல் ஃப்யூஸ் பெட்டியிலேயே செருகும் இணைப்பு கடையில் கிடைக்கிறது. சார்ஜரையும் அப்படியே சாவிக்குள் கொண்டுவந்துவிடு. இல்லையென்றால் நிறுத்தி வைத்த வண்டியில் அது பேட்டரியைச் சிறுகச் சிறுகக் குடித்துவிடும்.

பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருந்தே ஆக வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீ பிறப்பதற்கு முன்பு, என் பழைய வண்டியில் இரட்டை ஹாரன் மாட்டியபோது, வயரைக் கைப்பிடிக்குக் கீழே வண்டியின் கழுத்துப் பகுதியில் இறுக்கமாக இழுத்துக் கட்டிவிட்டேன். கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் அது சட்டத்தில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஃப்யூஸ் ஒருநாள் போனது. ஏன் போனது என்று பார்க்காமல் வயரின் செம்பு இழையை அதில் சுற்றிவிட்ட மேதாவியும் நான்தான். திண்டுக்கல் சாலையில் ஓர் இரவு, டேங்குக்கு அடியிலிருந்து புகை வந்தது. பெட்ரோலுக்கு ஒரு விரல்கடை கீழே வயர் உருகிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. உன் அம்மாவுக்கு நான் இதைச் சொன்னதில்லை, நீயும் சொல்லாதே.

ஆகவே வயரைப் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்குமுன் கைப்பிடியை இடக்கோடி வரைக்கும் வலக்கோடி வரைக்கும் திருப்பிப் பார். இரண்டு பக்கமும் வயர் தளர்ச்சியாக இருக்க வேண்டும். சைலன்ஸர் பக்கமாகவோ இன்ஜின் தலையைத் தொடும்படியாகவோ எந்த வயரும் போகக் கூடாது.

இருட்டியதும் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி வெளிச்சத்தைச் சரிசெய். அது விளக்கின் உயரத்துக்குக் கீழேயே விழ வேண்டும். அப்போது உன் தோழியைப் பின்னால் உட்காரச் சொல். பின்பக்கம் அமுங்கினால் வெளிச்சம் மேலே ஏறி, எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். ஊருக்குள் அதை எரியவிடவே வேண்டாம்.

வயர் முனைகளை முறுக்கி டேப் சுற்றாமல் லக் என்னும் உலோக முனையை வைத்து அழுத்து. அதற்கான என் கிரிம்பிங் கருவியை இன்று கூரியரில் போட்டிருக்கிறேன். அதன் ஒரு பக்கப் பிடியில் ரப்பர் கழன்றிருக்கும், துணி சுற்றிக்கொள்.

அன்புடன்,
அப்பா