சீனித்தண்ணீர்ப் போத்தலுக்கு ஹம்மிங்பேர்ட் வராது

ஆசிரியர் ஐயாவுக்கு,

ஞாயிறு இதழில், அந்தரத்தில் நின்று பூத்தேன் குடிக்கிற ஹம்மிங்பேர்ட் பறவைகளில் ஒன்றான, வாள் போல நீண்ட அலகுள்ள வாளலகு ஹம்மிங்பேர்ட் பற்றி வந்த கட்டுரை வாசித்தேன். நல்லாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் நடக்கிற கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நுவரெலியாவில் கண்டோம், எல்லவில் கண்டோம் என்று ஆளுக்கொரு வீடியோ போடுகிறார்கள். இங்கே ஒரு விருந்தினர் விடுதியில் சிவப்புச் சாயம் கலந்த சீனித்தண்ணீரைப் போத்தலில் ஊற்றித் தொங்கவிட்டு, ஹம்மிங்பேர்ட் பார்க்க வாருங்கள் என்று வெள்ளைக்காரர்களைக் கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பறவையைத் தங்கள் ஊரிலேயே பார்த்தவர்களாக இருப்பார்கள், அது வேறு கதை.

ஹம்மிங்பேர்டில் 350க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். வாளலகு வெனிசுவேலாவிலிருந்து பொலிவியா வரைக்கும் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையின் ஈரக் காடுகளில் வாழ்வது. வாலைக் கழித்துப் பார்த்தால் உடம்பைவிட அலகுதான் நீளம், அதனால் இறகு கோத அலகு உதவாமல் காலால்தான் சொறிந்துகொள்ளும். ஒரு காலத்தில் இந்தக் குடும்பம் ஐரோப்பாவிலும் இருந்ததுதான், ஜெர்மனியில் கிடைத்த சுமார் 3 கோடி ஆண்டுப் பழைய எலும்புகளைப் பற்றி 2004இல் எழுதினார்கள், ஆனால் இன்றைக்கு அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அந்தீஸிலிருந்து உருளைக்கிழங்கு வெலிமடை வரைக்கும் வந்துவிட்டது, மலேரியா மருந்து எடுக்கிற சிங்கோனா மரமும் வந்து 1861இல் அதற்கென்றே ஹக்கலவில் தோட்டம் போட்டார்கள். மனிதன் கொண்டுவந்ததால் வந்தவை அவை. பறவைக்கு நடுவில் கடல் இருக்கிறதே.

அப்படியானால் வீடியோவில் தெரிவது என்ன? நான் பார்த்தவரைக்கும் பாதிக்கு மேல் பறவையே இல்லை, பகலில் பறக்கிற பருந்து அந்துப்பூச்சி. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று நீளக் குழலை நீட்டித் தேன் குடிக்கும், கண்ணாடி மாதிரி இறக்கை உள்ள ஒரு வகையின் புழு கோப்பி இலை தின்று வளர்வது. வீடியோவை நிறுத்திப் பாருங்கள், தலையில் இரண்டு உணர்கொம்பு தெரியும், எந்தப் பறவைக்கும் அது கிடையாது. மிச்சம் எல்லாம் நம்முடைய தேன்சிட்டு. செவ்வரத்தையிலும் வாழைப்பொத்தியிலும் வந்து தொங்குமே, அதுதான். ஹம்மிங்பேர்டுக்கு உறவு உழவாரன் குருவி, தேன்சிட்டுக்கோ சிட்டுக்குருவிப் பக்கம். தொழில் ஒன்றாக இருப்பதால் உருவமும் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அதிலும் நீளமாக வளைந்த அலகுள்ள லோட்டன் தேன்சிட்டு, 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன் பெயரைத் தாங்கியது. இதைக் காட்டி விடுதிக்கு ஆள் பிடித்தால் நானே வந்து கைதட்டுவேன்.

சரி, போத்தல் விஷயம். சாயம் தேவையே இல்லை. சீனித்தண்ணீர் வெயிலில் கிடந்தால் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும், அதைக் குடிக்கிற குருவிக்கு நோய் வரும். ஹம்மிங்பேர்ட் உள்ள நாடுகளிலேயே ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர், சில நாளைக்கு ஒருமுறை கழுவி மாற்று என்றுதான் சொல்கிறார்கள். இங்கே மாதக்கணக்கில் கழுவாத போத்தல் தொங்குகிறது. அதோடு தேன்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும், கூட்டைக் கட்டுவதும் சிலந்திவலையை வைத்துத்தான். மரக்கறித் தோட்டம் முழுக்க மருந்தடித்துவிட்டு வாசலில் சீனித்தண்ணீர் வைத்து என்ன பிரயோசனம்? லயத்து ஓரத்தில் நாலு செவ்வரத்தை நட்டால், முள்முருக்கைப் பூக்கிற காலத்திலாவது வெட்டாமல் விட்டால் அதுவே போதும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு இதே அளவில் ஒரு தேன்சிட்டுப் படம் போட்டு, இலங்கையில் ஹம்மிங்பேர்ட் இல்லை என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போடுங்கள். அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடுகிறேன், நான் சொன்னால்தான் யாரும் நம்புவதில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பண்டாரவளை