குறுவரலாறுகளில் விடுபட்டுப்போகும் உழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலைவர்கள், புலவர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரின் பிறந்தநாளையும் நினைவுநாளையும் ஒட்டி நாளிதழ்களில் வெளியாகும் குறுவரலாறுகளைத் தவறாமல் படித்து வருகிறேன். பள்ளி மாணவர்கள் முதல் போட்டித் தேர்வுக்குப் படிப்போர் வரை பலரும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் பகுதி அது என்பதால், அதன் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு கூடுதல். இடம் குறைவு என்பதை அறிவேன். எனினும் அந்தக் குறைந்த இடத்தைப் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் பட்டங்களும் பதவிகளும் நிரப்பிவிட, அம்மனிதர் எதற்காக நினைக்கப்படுகிறாரோ அந்த உழைப்பு ஒற்றை வரியில் முடிந்துவிடுவது வருத்தமளிக்கிறது.

வ.உ.சிதம்பரனாரைப் பற்றிய குறிப்புகளையே பாருங்கள். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம், 1908இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலை வேலைநிறுத்தம், அதே ஆண்டில் இரட்டை ஆயுள் தண்டனை, சிறையில் செக்கிழுத்த கொடுமை, 1912 டிசம்பரில் விடுதலை என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே அவர் மறைந்த 1936ஆம் ஆண்டுக்குத் தாவிவிடுகின்றன. வழக்கறிஞர் உரிமத்தை இழந்து, நிலையான வருவாயின்றிக் குடும்பத்தோடு அல்லற்பட்ட காலத்தில்தான் அவர் ‘மெய்யறம்’ என்ற அறநூலை வெளியிட்டார், திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917இல் அச்சேற்றினார், ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார், தொல்காப்பியத்துக்கான இளம்பூரணர் உரையின் பதிப்புக்காகவும் உழைத்தார். அன்றாடச் செலவுக்கே அல்லாடியவர் பழைய உரைகளைப் பதிப்பிப்பதில் காட்டிய அக்கறையைச் சொல்லாத குறிப்பு, அவருடைய வாழ்க்கையை 40 வயதிலேயே முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அவர் ஏறத்தாழ 24 ஆண்டுகள் வாழ்ந்தார்.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடினார் என்ற வரி எல்லாக் குறிப்புகளிலும் உண்டு. சுவடி கைக்கு வந்த பிறகு தொடங்கிய வேலையைப் பற்றி அநேகமாக எதிலும் இல்லை. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்ட கேள்வியில் தொடங்கிய அம்முயற்சி, 1887இல்தான் அச்சு நூலாக முடிந்தது. பல பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாட வேறுபாடுகளைக் குறித்ததும், அந்நூலின் பழைய உரையாசிரியரான நச்சினார்க்கினியர் தம் உரையில் பெயர் சொல்லாமல் எடுத்தாளும் மேற்கோள்கள் எந்தெந்த நூலுக்கு உரியவை என்று தேடியதும், சமணக் காப்பியமாயிற்றே என்று உள்ளூர்ச் சமணர்களிடமே சென்று ஐயம் தெளிந்ததும் அந்த ஏழு ஆண்டுகளில் அடங்கும். ஒரு மாணவனுக்குப் பதிப்புக் கலை என்றால் என்ன என்று விளங்க வைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதே 1887இல் கலித்தொகையையும், அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சிட்டவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளை. அவர் பெயரும் உடன் வந்தால்தான், பழந்தமிழ் நூல்களை மீட்டது ஒருவர் மட்டுமே என்ற தவறான எண்ணம் வாசகர் மனத்தில் பதியாது.

உழைப்பு விடுபடும் இடத்தில் கதைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதால் பாரதியார் இறந்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தக் காயத்திலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையத்துக்குச் சென்று சொற்பொழிவு ஆற்றி, சுதேசமித்திரன் நாளிதழ்ப் பணியையும் தொடர்ந்த பிறகே அவர் வயிற்று நோயால் மறைந்தார். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்கப் புலவரையும், பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆத்திசூடி பாடியவரையும் ஒரே ஔவையாராக்கி வாழ்க்கைக் குறிப்பு எழுதுவதும் இவ்வகையே.

பெண்களைப் பற்றிய குறிப்புகளில் ‘முதல்’ என்ற அடைமொழியே முழு வரலாறாகிவிடுகிறது. முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றதும், 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இடம்பெற்றதும் எல்லோருக்கும் தெரியும். தேவதாசி முறைக்கு எதிராக அங்கே வாதாடிய அவர், காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் பதவி விலகினார். அம்முறையைத் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் மேடை மேடையாகப் பேசி அக்கோரிக்கையை உயிரோடு வைத்திருந்த இடைப்பட்ட 17 ஆண்டுகளுக்கு நம் குறிப்புகளில் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

எனவே, இத்தகைய குறிப்புகளை எழுதுவோர் பட்டங்களின் பட்டியலைக் குறைத்துக்கொண்டு, ஒருவர் செய்த பணிகளுள் ஒன்றையேனும் அது எப்படி நடந்தது என்று நான்கு வரிகளில் விளக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள ஆண்டுகளை அவ்வாறே குறிப்பிடலாம். செவிவழிக் கதைகளைக் கதை என்றே சொல்லி வெளியிடலாம். இறுதியில் மேலும் படிக்க ஒரு நூலின் பெயரைத் தருவதற்கு ஒரு வரி இடமே போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்