அஸ்காட் கேலரியும் பாளையங்கோட்டைக் கணக்கும்

ரெடிங், இங்கிலாந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லாரும் சுகந்தானே? குற்றாலத்தில் சாரல் தொடங்கியாச்சுன்னு சித்தி போனில் சொன்னாங்க. இங்கே ராத்திரி 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கு, ஆனால் சாயங்காலமே ஸ்வெட்டர் தேடவேண்டியிருக்கு.

“குதிரை ஓடுறதைப் பார்க்க இத்தனை கோடியில கட்டடமா? அதுக்கு ஒரு இன்ஜினியர் வேறயா?” என்று கேட்டிருந்தீங்க. நீங்க பாளையங்கோட்டையில் எடுத்திருக்கிற பள்ளிக்கூட மைதான கேலரி வேலைக்கும் இந்தப் பதில் உதவும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுதேன்.

இந்த ஊர்க்காரங்களுக்குக் குதிரைப் பந்தயம் ரொம்பப் பழைய பழக்கம். செஸ்டரில் 1539இல் இருந்து ஓடுது. அஸ்காட் மைதானம் 1711இல் ஆன் ராணி தொடங்கினது. ஜூன் மாசம் அங்கே 5 நாள் ராயல் அஸ்காட் என்கிற பந்தயத் திருவிழா நடக்கும், கிட்டத்தட்ட 3 லட்சம் பேர் வருவாங்க. அந்த வாரம் இங்கிருந்து போகிற ரயில் முழுக்கத் தொப்பியும் கோட்டும்தான். கார் நிறுத்துற இடத்திலேயே விரிப்பைப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத் தின்னுக்கிட்டு, குதிரை பக்கமே திரும்பாதவங்களும் உண்டு.

கேலரி வேலையை இங்கே கண்ணிலிருந்து ஆரம்பிக்காங்க. பின்வரிசைக்காரன் கண்ணிலிருந்து ஓடுபாதையின் கிட்டத்து வேலிக்கு ஒரு நூல் பிடிங்க. அவனுக்கு நேர் முன்வரிசையில் இருக்கிறவன் கண்ணுக்கு எத்தனை மில்லிமீட்டர் மேலாக அந்த நூல் போகுதோ, அதுதான் சி-அளவு. 60 என்றால் முன்னால் இருக்கிற ரெண்டு தலைக்கு நடுவே எட்டிப் பார்க்கணும். 90 நல்லது. 120 ரொம்ப நல்லது. தொப்பிக்காரங்க கூட்டத்துக்கு 150 வேணும். அஸ்காட்டில் ராயல் என்குளோஷர் என்கிற தனிப்பகுதிக்குள் ஆண்களுக்கு உயரத் தொப்பி கட்டாயம், பெண்கள் தொப்பிக்கு அடிப்பகுதி 4 அங்குலமாவது இருக்கணும் என்று விதி. விதி எழுதினவர் பின்வரிசையில் நின்னு பார்த்திருக்க மாட்டார்! ஆனித் தேரோட்டத்தில் ரதவீதித் திண்ணைக்கு அடிபிடி நடக்குமே, அதே கணக்குதான் இது.

கணக்கைப் போட்டே காட்டுதேன். முன்வரிசைக்காரன் கண் வேலியிலிருந்து 30 மீட்டர் தள்ளி, 6 மீட்டர் உயரத்தில் இருக்கு. படி அகலம் 800 மி.மீ. நமக்கு வேண்டியது 90. 6 மீட்டரோடு 0.09 கூட்டினால் 6.09. அதை 30.8 ஆல் பெருக்கி 30 ஆல் வகுத்தால் 6.252. அதில் 6 போனால் மிச்சம் 252 மி.மீ.; அதுதான் படி உயரம். கண்ணை மூடிக்கிட்டு 200 மி.மீ. வச்சால் 39தான் தேறும், 60ஐக்கூடத் தொடாது. மேலே போகப் போகப் படி உயரம் கூடிக்கிட்டே போகணும். ஆனால் வரிசைக்கு ஒரு அச்சு செய்தால் கட்டுபடியாகாது என்பதால், நாலஞ்சு வரிசையைச் சேர்த்து ஒரே உயரமாக வைப்பாங்க. மொத்தச் சரிவு 34 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இறங்குறவனுக்குத் தலை சுத்தும். நடைவழியில் ஒவ்வொரு வரிசைக்கும் ரெண்டு படி, ரெண்டும் ஒரே உயரம். அதில் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் கால் தட்டும்.

பந்தயத்துக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. குதிரை ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். கடைசி ஃபர்லாங், அதாவது 201 மீட்டர், ஓடிவரும்போது எல்லார் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பும். அப்போ மறைக்கிறது பக்கத்தில் நிற்கிறவன் தலை. அதனால்தான் கேலரியை நேர்கோடாக விடாமல், குதிரை வருகிற திசையைப் பார்த்துக் கொஞ்சம் திருப்புதாங்க, இல்லையென்றால் வளைக்காங்க.

இதையெல்லாம் தெரிஞ்சவங்க கையிலும் தப்பும். அஸ்காட்டை 2004 செப்டம்பரில் மூடி, 2005 ராயல் அஸ்காட்டை யார்க் மைதானத்தில் நடத்தி, 18.5 கோடி பவுண்டுச் செலவில் 2006 ஜூனில் திறந்தாங்க. ஓடுபாதையையே 42 மீட்டர் வடக்கே நகர்த்தினாங்க. கட்டடம் அழகுதான், மரக்கிளை விரிஞ்ச மாதிரி இரும்புக் கூரை. ஆனால் கீழ்த்தளத்தில் நின்னவங்களுக்குக் குதிரை சரியாகத் தெரியல்லை. பத்திரிகையெல்லாம் கிழிச்சுத் தொங்கவிட்டது. 2007 பந்தயத்துக்குள் கீழே படிகளைக் கூட்டிக் கட்டவேண்டிவந்தது. காரணம், கீழ்ப்படியில் நிற்கிறவன் கண்ணுக்கும் வேலிக்கும் உயர வித்தியாசம் ரொம்பக் கம்மி. அவனுக்கு முன்னால் புல்தரையில் நிற்கிற கூட்டமே சுவர். மேல்மாடிக் கண்ணாடி அறையை எப்படிக் கட்டினாலும் பார்வை கிடைச்சுரும், சோதனை எல்லாம் கீழேதான்.

அடுத்தது ஆள் நடமாட்டம். கால்பந்து என்றால் கூட்டம் ஒரு தடவை உள்ளே வரும், ஒரு தடவை வெளியே போகும். இங்கே ஒரு நாளில் 6, 7 பந்தயம். ஒவ்வொன்றும் முடிந்ததும் அத்தனை பேரும் பின்னால் போய், குதிரையை நடத்திக் காட்டுகிற வட்டத்தைப் பார்த்து, பந்தயம் கட்டி, அரை மணி நேரத்தில் திரும்பிவரணும். அதனால் கட்டடத்துக்கு முன்னும் பின்னும் ரெண்டுமே முகப்புதான். 1971இல் கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் செத்தாங்க. அதுக்குப் பிறகு 1973இல் வந்த ‘கிரீன் கைடு’ என்கிற மைதானப் பாதுகாப்பு வழிகாட்டிதான் இங்கே வேதம். படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 66 பேர், 8 நிமிஷத்தில் எல்லாரும் இறங்கியாகணும். 1.2 மீட்டர்ப் படிக்கட்டு ஒன்றில் 633 பேர்தான் இறங்க முடியும். 2,000 பேருக்கு 4 படிக்கட்டு. ஒன்று அடைபட்டால் என்ன செய்ய என்று தனியாகவும் கணக்குப் பார்ப்பாங்க.

பழைய மைதானம் என்பதால் வருகிற தொல்லைகள் வேற. யார்க்கில் ஜான் கார் 1750களில் கட்டின கேலரியின் ஒரு பகுதி இன்னும் நிக்கு. பாதுகாக்கவேண்டிய கட்டடங்கள் பட்டியலில் ஏறின பழைய கட்டடம் என்றால் ஒரு கல்லை நகர்த்தவும் அனுமதி வேணும். பந்தயத்தை நிறுத்தாமல் கட்டினால் அன்னன்னைக்குக் கிரேன் கையை ஓரங்கட்டணும், படபடக்கிற ஷீட்டை எல்லாம் இழுத்துக் கட்டணும். குதிரை நிழலுக்கே மிரளும். முகப்புக் கண்ணாடியில் சாய்ந்த வெயில் பட்டு ஜாக்கி கண்ணில் அடிக்காதா என்று பார்க்கணும். கேலரி நிழல் புல்லில் விழுந்தால் குளிர்காலத்தில் அந்த இடத்து உறைபனி உருகாது. வெற்றிக்கம்பத்துக்கு நேரே உயரத்தில், எந்தக் குதிரை முந்தினது என்று படம் பிடிக்கிற போட்டோ-பினிஷ் கேமரா இருக்கும், கூட்டம் குதிக்கும்போது அது ஆடக் கூடாது.

இங்கே அடிக்கடி வருகிற புகார் ஒழுகல். படிகள் ப்ரீகாஸ்ட், அதாவது வேற இடத்தில் வார்த்துக் கொண்டுவந்து வைக்கிற கான்கிரீட். சாய்வு பீம் மேல் ரப்பர் பேட் வச்சு உட்கார்த்தி, இடைவெளியை சீலண்ட் என்கிற ரப்பர் மாதிரிப் பசையால் அடைக்காங்க. வெயிலுக்கும் குளிருக்கும் கான்கிரீட் நீளும், சுருங்கும். சீலண்ட் ஓரம் விட்டுரும். படிதானே கீழறைக்குக் கூரை. அதனால் இணைப்புக்கு அடியிலேயே ஒரு வாய்க்கால் விடுகிறது நல்லது. நீங்களும் கேலரிக்கு அடியில் ஸ்டோர் ரூம் போடுறதாக இருந்தால் இதை மறந்துராதீங்க.

கூரைக்கு வருதேன். ஸ்பெயினில், மாட்ரிட் ஸார்ஸுவேலா குதிரைப் பந்தய மைதானத்தில் எடுவார்தோ டொரோஹா என்கிற இன்ஜினியர் 1930களில் போட்ட கான்கிரீட் கூரையின் படத்தை இத்தோடு வச்சிருக்கேன். தூணுக்கு முன்னால் சுமார் 13 மீட்டர் நீளுது, ஓரத்துக் கனம் 5 செ.மீ.தான். பின்னால் இருக்கிற இழுகம்பி முன்பாரத்தைப் பிடிச்சு நிறுத்துது. உள்நாட்டுப் போரில் குண்டு துளைச்சும் விழல்லை. சென்ட்ரிங் போட்ட தச்சரை நினைச்சுப் பாருங்க!

நம்ம பக்கத்தில் தகரக் கூரைதான் போடுவீங்க. அதுக்குப் பாரம் பகை இல்லை, காத்துதான் பகை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் ஆடியில் வருகிற காத்து உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நொடிக்கு 39 மீட்டர் வேகம் என்று எடுத்தால், அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கணும். சதுர மீட்டருக்கு 912 நியூட்டன், ஏறத்தாழ 93 கிலோ. ஷீட்டும் அதைத் தாங்குகிற ட்ரஸ் சட்டமும் சேர்ந்து 25 கிலோ இருந்தால் அதிகம். முன்பக்கம் திறந்த கூரையில் அடியில் புகுந்த காத்து தூக்கும், மேலே போகிற காத்து உறிஞ்சும். ஆகவே தூணை அஸ்திவாரத்தோடு பிடிக்கிற ஆங்கர் போல்ட்டையும் அஸ்திவாரப் பாரத்தையும் மேல்நோக்கிய இழுப்புக்குக் கணக்குப் பாருங்க. முதலில் பிய்கிறது ஓரத்து ஷீட். அங்கே ஸ்க்ரூவை நெருக்கி அடிங்க.

கேலரியை மைதானத்துக்கு மேற்கே, கிழக்கு பார்த்து வையுங்க. சாயங்கால விளையாட்டுக்கு வெயில் முதுகுப் பக்கம் போயிரும்.

முதல் படியிலிருந்து எல்லைக்கோட்டுக்கு எத்தனை மீட்டர், மைதான மட்டத்துக்கும் முதல் படிக்கும் எத்தனை உயரம், மொத்தம் எத்தனை வரிசை, ஆட்கள் உட்காருவாங்களா நிற்பாங்களா, இந்த நாலையும் டேப் பிடிச்சு அளந்து வாட்ஸ்அப்பில் போடுங்க. வரிசைவாரியாகப் படி உயரம் போட்டு அனுப்புதேன். அதுவரைக்கும் சென்ட்ரிங் பலகை அறுக்க வேண்டாம்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் மகன்