சோலைக்கிளி கிளியல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த சோலைக்காட்டுப் பறவைகள் கட்டுரை, நீலகிரி சோலைக்கிளியை ‘2017இல் கண்டுபிடிக்கப்பட்ட கிளி இனம்’ என்கிறது. ஒரே தொடரில் இரண்டு பிழைகள். மலையாளத்தில் கிளி என்பது பொதுவாகச் சிறு பறவையைக் குறிக்கும். இந்தப் பெயரையும் அப்படித்தான் படிக்க வேண்டும். இது ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பாடும் பறவை.

கண்டுபிடிப்பும் புதிதல்ல. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1844இலேயே இதற்கு ‘மேஜர்’ என்று சிற்றினப் பெயர் (அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்) வைத்துவிட்டார். 2017இல் ஆய்வாளர் வி.வி. ராபின் குழுவினர் மாற்றியது பேரினத்தை, அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல்லை. அதுவரை பிராக்கிப்டெரிக்ஸ், பிறகு மையோமேலா என்று இடம் மாறிக்கொண்டிருந்த பறவை இது. மரபணுவை ஒப்பிட்டபோது அவ்விரண்டோடும் நெருங்கிய உறவில்லை, நில்டாவா, சையோர்னிஸ் முதலிய ஈப்பிடிப்பான்களின் கிளையை ஒட்டி நிற்கிறது என்று தெரிந்தது. பொருந்தும் பழைய பேரினம் இல்லாததால் ‘ஷோலிகோலா’ பிறந்தது: நம் சோலையும், ‘வாழ்வது’ என்னும் பொருளுடைய லத்தீன் ‘கோலா’வும்.

அடுத்தது அடைப்புக்குறி. ‘ஷோலிகோலா மேஜர் ஜெர்டன், 1844’ என்று அச்சாகியிருக்கிறது. ‘ஷோலிகோலா மேஜர் (ஜெர்டன், 1844)’ என்பதே சரி. விலங்கியல் பெயரிடும் விதிப்படி, பெயர் வைத்தவர் முதலில் சேர்த்த பேரினத்தில் இப்போது அந்த இனம் இல்லையென்றால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போக வேண்டும். குறியை எடுத்துவிட்டால், 173 ஆண்டு கழித்து உருவான பேரினத்தில் ஜெர்டனே இதைச் சேர்த்தார் என்று பொருளாகிவிடும்!

பெட்டிச் செய்தியில் தெற்குச் சிரிப்பான் என்னும் பறவையின் பெயர் ‘மான்டிசின்க்லா மெரிடியோனாலே’ என்றிருக்கிறது. பெயரடையாக வரும் சிற்றினப் பெயர், பேரினத்தின் இலக்கணப் பாலுக்கு இணங்க வேண்டும். இதன் பழைய பேரினமான ட்ரோக்கலோப்டெரான் அஃறிணைப் பால், அதனால் அங்கே ‘மெரிடியோனாலே’ சரி. மான்டிசின்க்லா பெண்பால்; ‘மெரிடியோனாலிஸ்’ என்றே எழுத வேண்டும். வேறு இரண்டு சிரிப்பான்களுக்கு ஆள்பெயரிலிருந்து வந்த ‘ஜெர்டோனி’, ‘ஃபேர்பாங்கி’ எந்தப் பேரினத்துக்குப் போனாலும் மாறாது. சிரிப்பவை என்னும் பொருளுடைய ‘காக்கின்னன்ஸ்’ முப்பாலுக்கும் ஒன்றே. நீலகிரிச் சிரிப்பானுக்கு அந்த வகையில் தொல்லையில்லை.

‘சோலைக்கிளியில் மூன்று இனங்கள்’ என்பதைப் பிழை என்று சொல்லமாட்டேன். அகத்தியமலைப் பக்கத்து ‘ஆஷாம்புவென்சிஸ்’ சில பட்டியல்களில் வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் துணையினம்தான். எந்தப் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பழைய பறவைப் பதிவுகளைப் புதிய பெயருக்கு மாற்றச் சொல்லும் கட்டுரையின் யோசனைதான் எனக்குக் கவலை தருகிறது. பெயருக்குப் பெயர் மாற்றினால் தவறாகும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கிலுள்ள பறவையும் பழைய நூல்களில் ‘பிராக்கிப்டெரிக்ஸ் மேஜர்’ தான். அந்நூல்களில் அது ‘மேஜரின்’ துணையினமாக அடங்கியிருந்தது. ஆகவே கொடைக்கானலில் எழுதிய ‘மேஜர்’ இன்று ‘அல்பிவென்ட்ரிஸ்’, அதாவது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. உதகையில் எழுதியது ‘மேஜர்’ ஆகவே இருக்கும். அதேபோல் சிரிப்பான்களில், பழனி மலையின் பழைய ‘ஜெர்டோனி’ இப்போது ‘ஃபேர்பாங்கி’. வயநாட்டுப் பக்கத்து ‘ஜெர்டோனி’க்கு மாற்றமில்லை. முதலில் மலையைப் பாருங்கள், பிறகு பெயரை. இடம் குறிக்காத பதிவைப் பேரின அளவோடு நிறுத்திவிடுவது நல்லது.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி