மலையுச்சி வெண்கலத்துக்கு ஒரு காலம் குறியுங்கள்: தொல்லியல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினருக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை வெளியானபோது கோத்தகிரியில் நாங்களும் மகிழ்ந்தோம். ஊரெல்லாம் தூத்துக்குடிப் பக்கத்து அகழாய்விடமான சிவகளையைப் பேசிய அந்த நாட்களில், எனக்கென்னவோ எங்கள் மலையின் வெண்கலக் கிண்ணங்கள்தாம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. அவற்றுக்காகத்தான் இந்த மடல்.

நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜே. டபிள்யூ. பிரீக்ஸ் பழங்காலக் கல்லறைகளான மலையுச்சிக் கல்வட்டங்களைத் தோண்டினார். 1872இல் இறந்தார், அவர் எழுதிவைத்ததை அடுத்த ஆண்டு அவர் மனைவி நூலாக்கினார். எருமையும் மயிலும் நிற்கும் மூடிகளைக் கொண்ட மண்கலங்கள், பொன்னணிகள், வெண்கலக் கிண்ணங்கள் எல்லாம் மலையிறங்கிப் போயின. இன்று அவற்றைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கோ லண்டனுக்கோ டிக்கெட் எடுக்க வேண்டும். போனது போகட்டும். ஆனால், எந்த மண்ணடுக்கில் எதன் அருகே கிடந்தன என்று இன்றைய அகழாய்வாளர் கேட்கும் குறிப்பு அவற்றோடு போகவில்லை. அதுதான் பெரிய இழப்பு.

அந்தக் கிண்ணங்களைப் பேசவைத்தவர் சாரதா ஸ்ரீனிவாசன். பம்பாய் ஐஐடியில் பொறியியல் இயற்பியல் படித்து, லண்டனில் தொல்லியலில் முனைவர் பட்டம் பெற்று, பெங்களூரில் பணியாற்றும் உலோகத் தொல்லியலாளர், பரதமும் ஆடுபவர். 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். கடுகளவு உலோகத்துண்டை மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் துறையின் அன்றாட வேலை. நீலகிரிக் கிண்ணத்தில் அப்படித் தெரிந்தது ஊசி ஊசியான ஓர் அமைப்பு. செம்போடு ஏறத்தாழ 23 சதவீதம் வெள்ளீயம் கலந்த உலோகம் அது. சும்மா வார்த்து ஆறவிட்டால் தட்டிய தட்டில் உடைந்துபோகும். செந்தணலாக இருக்கும்போதே அடித்து அடித்து மெலிதாக்கி, 586 டிகிரிக்குக் கீழே சூடு இறங்குமுன் சட்டென்று தண்ணீரில் தோய்த்தால்தான் அந்த ஊசிகள் உறைந்து நிற்கும். கலம் பொன்போல் மின்னும், மணிபோல் ஒலிக்கும். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத விளிம்பை அந்தச் சூட்டில் அடித்து எடுத்த கையை எண்ணிப் பாருங்கள்!

இவை மேற்காசியாவிலிருந்து வந்த சரக்காக இருக்கலாம் என்று எழுதியவர்கள் உண்டு. மலைக்காரனுக்கு இவ்வளவு தெரிந்திருக்குமா என்ற பழைய சந்தேகம்தான் அதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். சாரதா ஆதிச்சநல்லூர்க் கலங்களிலும் இதே நுட்பத்தைக் கண்டார். கேரளத்துப் பட்டறைகளில் இதே கலவையை இதே முறையில் அடித்துத் தோய்க்கும் கம்மாளர்களை நேரில் பார்த்துப் பதிவு செய்தார். தென்னகத்துக்கே உரிய கைத்தொழிலாக இதைப் பார்க்க வேண்டும் என்ற வாதம் அதன்பிறகு வலுத்தது.  

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேரளத்தில் இன்று ஒரு பட்டறை இருப்பதாலேயே அன்று நீலகிரியில் உலை இருந்தது என்று ஆகிவிடாது. நுண்ணோக்கி எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும். எங்கே, எப்போது என்று மண்தான் சொல்ல வேண்டும். உலோகம் உருக்கிய மூசையின் உடைந்த துண்டு, கசடு, ஒரு கைப்பிடி கரி கிடைத்தால் போதும். வெள்ளீயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் அங்கிருந்துதான் வழி பிறக்கும். பழனி மலையடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டிய கல்லறையில் ஒரு கலத்து நெல்தானே கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 490 என்ற காலத்தைக் கொடுத்தது? அதே முறையை எங்கள் கல்வட்டம் ஒன்றிலும் செய்துபார்க்கக் கேட்கிறேன்.

தோண்டும்போது உலோக ஆய்வாளர் முதல் நாளே குழிக்கு அருகில் இருக்க வேண்டும். பொருள்களைக் கழுவித் துடைத்து, எண் போட்டு, ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் பழக்கம் இங்கே வேண்டாம். துடைத்துவிட்ட கலத்தின் உள்ளே என்ன ஒட்டியிருந்தது என்று பிறகு யாரைக் கேட்பது? தோடர், கோத்தர், குறும்பர், படுகர் ஊர்ப்பெரியவர்களிடம் சம்மதம் கேட்காமல் கடப்பாரை இறங்கக் கூடாது. கோத்தர் இரும்படித்த மரபினர். உலைச்சாம்பலைப் பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

கிண்ணங்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. அவற்றின் நகல்களும், அந்த ஊசிகள் தெரியும் நுண்ணோக்கிப் படமும், தமிழில் அரைப்பக்க விளக்கமும் உதகையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தால் எங்கள் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அக்டோபரில் அடுத்தது வந்துவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் மேட்டில் குழி வெட்டத் தோதான காலம். வனத்துறையின் அனுமதி கிடைக்கவும் நாள் பிடிக்கும். ஆகவே இதற்கான கோப்பினை இந்த ஆண்டே நகர்த்துங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிவாசி ஒருவர்